ஜீரோ நிற்காத ஸ்கோப்பைத் திருப்பி எடுக்க மறுத்தது குறித்த புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், அல்சூர், பெங்களூரு

பெறுநர்: குறைதீர் அலுவலர் அவர்கள், இணைய விற்பனைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

போன மாதம் உங்கள் இணையக் கடையில் 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 3-9×40 ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்றை, அதை ரைஃபிளில் பிடித்து நிறுத்தும் மவுண்டோடு சேர்த்து 6,400 ரூபாய்க்கு வாங்கினேன். ரசீதும் ஆர்டர் விவரமும் இந்த மின்னஞ்சலோடு இணைத்திருக்கிறேன். அந்த ஸ்கோப் என் ஏர் ரைஃபிளில் ஜீரோ நிற்கவில்லை, அதாவது ஒருமுறை சரிசெய்த பிறகும் குறி வைத்த இடத்தில் குண்டு விழுவதில்லை. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன், மறுத்துவிட்டீர்கள். உங்கள் சேவைப் பிரிவில் தமிழில் பேசுகிறார்கள் என்பதால் இதையும் தமிழிலேயே எழுதுகிறேன். "ஸ்க்ரூவை இறுக்கிப் பாருங்கள்" என்ற பதில் மறுபடியும் வராமல் இருக்க, துப்பாக்கி சுடும் ரேஞ்சில் நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

என்னுடையது 4.5 மி.மீ. பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) போடும் ஸ்பிரிங் ரைஃபிள், அதாவது ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்திச் சுடும் ஏர் ரைஃபிள். குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டது, லைசென்ஸ் தேவைப்படாத வகை. ஐம்பது வயதைத் தாண்டிய கண்ணுக்குப் பின் சைட், முன் சைட், டார்கெட் மூன்றும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிவதில்லை. அதற்காகத்தான் ஸ்கோப் தேடினேன். உங்கள் பக்கத்தில் "ஏர் ரைஃபிள்களுக்கும் ஏற்றது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதை மட்டும் நம்பி நான் வாங்கவில்லை. ஸ்பிரிங் ரைஃபிள் என்று குறிப்பிட்டே உங்கள் சாட்டில் கேட்டேன். "தாராளமாகப் போடலாம் சார்" என்று பதில் வந்தது. அந்த உரையாடலின் படமும் இணைப்பில் இருக்கிறது.

கனகபுரா சாலைப் பக்கம் உள்ள ஒரு ரேஞ்சுக்குக் காலையிலேயே போய்விட்டோம். காற்று கிளம்புவதற்குள் ஜீரோ செய்துவிடுவது நல்லது. எடை குறைந்த பெல்லட்டைச் சின்னக் காற்றுகூடத் தள்ளிவிடும். அங்கே பொறுப்பில் இருப்பவர் மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் படைப்பிரிவின் மையம் எங்கள் அல்சூர் ஏரிக்கரையில் இருப்பதால் வெகுநாள் பழக்கம். அன்று நடந்தது அத்தனையும் அவர் கண்ணெதிரில்தான் நடந்தது.

முதலில் ஸ்கோப் இல்லாமல், ரைஃபிளோடு வந்த இரும்பு சைட்டிலேயே 10 மீட்டரில் சுட்டுப் பார்த்தோம். ரைஃபிள் மேல் எந்தச் சந்தேகமும் மிஞ்சக் கூடாது என்பதற்காக இது. கண் நன்றாகத் தெரிகிற என் அண்ணன் மகள் சுட்டாள். துளைகள் ஒன்றோடொன்று ஒட்டி விழுந்தன.

அப்புறம் ஸ்கோப்பை எடுத்தோம். ரைஃபிளின் மேல் உள்ள 11 மி.மீ. பள்ளத்தில் மவுண்டைப் பொருத்தி, அது பின்னால் நழுவாமல் இருக்க ஸ்டாப் பின்னை அதற்குரிய துளையில் இறக்கினோம். வளையத் திருகுகளை ஒரே பக்கமாக முறுக்காமல் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினோம். குழாயும் வளையமும் சேரும் இடத்தில் சுபேதார் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டார். மவுண்டும் ரைஃபிளும் சேரும் இடத்தில் இன்னொன்று. எது நூலளவு நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக் கொடுத்துவிடும். நாங்களே கழற்றிய நேரம் தவிர, மாலைவரை இரண்டு கோடுகளும் விலகவில்லை. இணைத்துள்ள படங்களில் அவை தெளிவாகத் தெரியும்.

ஒரே டப்பா பெல்லட்டைத்தான் கடைசிவரை பயன்படுத்தினோம். மணல் மூட்டை மேல் இடது கை, விரித்த உள்ளங்கை மேல் ரைஃபிள். ஸ்பிரிங் ரைஃபிளை இறுக்கிப் பிடித்தால் குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகளின் கூட்டம்) சிதறும், அதன் போக்கில் துள்ள விட வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும்.

முதல் குரூப் இடது பக்கம் கீழே விழுந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. புதிதாக மாட்டிய எந்த ஸ்கோப்பும் எடுத்தவுடன் நடுவில் சுடாது, டரெட் என்ற திருகுக் குமிழ்கள் இருப்பதே அதைச் சரிசெய்யத்தான். உங்கள் ஸ்கோப்பில் டரெட்டின் ஒரு கிளிக் என்பது கால் எம்.ஓ.ஏ. (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு எம்.ஓ.ஏ.). 100 கெஜத்தில் ஏறக்குறைய கால் அங்குலம் நகர்த்தும் அந்தக் கிளிக், 10 மீட்டரில் முக்கால் மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகத்தான் நகர்த்தும். அதைக் கணக்குப் போட்டு மேலே திருப்பினோம். குண்டு விழும் இடம் மாறவே இல்லை. இன்னும் திருப்பினோம், அப்போதும் மாறவில்லை. பிறகு டரெட்டைத் தொடாமல் சுட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு குண்டு திடீரென்று கறுப்பு வட்டத்தைத் தாண்டி மேலே போனது. அதற்கடுத்தது வலது பக்கம் விலகியது. பக்கவாட்டு டரெட்டை அதுவரை யாரும் தொடவே இல்லை.

சரி, டரெட்டைத் தனியாகச் சோதித்துவிடுவோம் என்று சதுரம் சுட்டுப் பார்த்தோம். குறிவைக்கும் புள்ளியை மாற்றாமல் 40 கிளிக் மேலே, 40 வலது, 40 கீழே, 40 இடது என்று திருப்பி, ஒவ்வொரு மூலைக்கும் ஒரு குரூப். ஒழுங்காக வேலை செய்கிற ஸ்கோப் என்றால் 10 மீட்டரில் பக்கத்துக்கு 29 மி.மீ. அளவில் சதுரம் விழும், கடைசிக் குரூப் முதல் குரூப்பின் மேலேயே வந்து உட்காரும். உங்கள் ஸ்கோப்பில் மேலே போனது 17 மி.மீ. வலது பக்கம் போனது 34 மி.மீ. கடைசிக் குரூப் தொடங்கிய இடத்திலிருந்து 22 மி.மீ. தள்ளி விழுந்தது. அந்த டார்கெட் தாளில் சுபேதார் அளவுகளைக் குறித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பிற்பகலில், அதே ரைஃபிளில், அதே மவுண்டில், நண்பர் ஒருவரின் ஸ்கோப்பை மாட்டினோம். அதுவும் ஒரு அங்குலக் குழாய்தான். ஆனால் ஏர் ரைஃபிளுக்கென்றே செய்தது. சில குண்டுகளிலேயே ஜீரோ வந்துவிட்டது. டார்கெட்டை 25 மீட்டருக்குத் தள்ளி வைத்தும் குரூப் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கியது. மறுபடி உங்கள் ஸ்கோப்பை வெள்ளைக் கோடு பொருந்தும்படி மாட்டினோம், மறுபடி சிதறியது. மாலையில் அதன் வழியே பார்த்தால் குறுக்குக்கோடே சாய்ந்திருந்தது. குழாய் திரும்பவில்லை என்பதற்கு வெள்ளைக் கோடு சாட்சி. உள்ளே இருப்பதுதான் திரும்பியிருக்கிறது. காதருகே வைத்து மெல்ல ஆட்டினால் ஏதோ ஒன்று லொடலொடக்கிற சத்தம் இப்போதும் கேட்கிறது.

இது ஏன் நடக்கிறது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. வெடிமருந்துத் துப்பாக்கி பின்னால் மட்டும்தான் உதைக்கும். ஸ்பிரிங் ரைஃபிளில் பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைஃபிள் பின்னால் போகும், பிஸ்டன் போய் முட்டி நிற்கும்போது ரைஃபிள் முன்னால் இழுபடும். ஒரே நொடிக்குள் இரண்டு பக்கமும் அடி. பின் உதைப்பை மட்டும் மனதில் வைத்துச் செய்த ஸ்கோப், .30-06 போன்ற பெரிய வேட்டைத் துப்பாக்கியில் பல வருடம் தாங்கியிருக்கும். அதே ஸ்கோப் ஒரு சின்ன ஸ்பிரிங் ரைஃபிளில் சீக்கிரமே உள்ளுக்குள் தளர்ந்துவிடும். அதனால்தான் ஸ்பிரிங் ரைஃபிளுக்குத் தாங்கும் ஸ்கோப்புகளைத் தனியாகப் பலப்படுத்திச் செய்கிறார்கள்.

உங்கள் ஸ்கோப் அப்படிச் செய்ததல்ல என்பது பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தாலே தெரிகிறது. 25 கெஜத்தில் தொடங்கி 100 கெஜத்தில் ஜீரோவை முடிக்கச் சொல்கிறது அந்தத் தாள். மான் வேட்டைக்குப் போகிறவர்கள் 100 கெஜத்தில் இரண்டு அங்குலம் மேலே விழும்படி வைத்துக்கொண்டால் 200 கெஜத்துக்குச் சரியாக இருக்கும் என்றும் சொல்கிறது. அமெரிக்காவில் வேட்டைப் பருவம் தொடங்கும் முன் ரேஞ்சுக்குப் போகிறவர்களுக்கு அது நல்ல அறிவுரைதான். என் பெல்லட்டுக்கும் அந்தத் தூரங்களுக்கும் சம்பந்தமே இல்லை. பாரலாக்ஸும் (கண் நகர்ந்தாலும் குறுக்குக்கோடு டார்கெட்டில் நகராமல் நிற்கும் தூரம்) 100 கெஜத்துக்கு வைத்து மூடியிருக்கிறது, மாற்ற வழியில்லை. 10 மீட்டரில் 9 மடங்குக்குத் திருப்பினால் டார்கெட் மங்கலாகிறது, கண்ணைச் சற்று நகர்த்தினால் குறுக்குக்கோடு டார்கெட் மேல் தானாக ஊர்கிறது. இந்த 100 கெஜம் என்ற விவரம் உங்கள் விற்பனைப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. நான் தேடித் தேடிப் பார்த்தேன்.

இனி உங்கள் பதிலுக்கு வருகிறேன். என் மனதை மிகவும் வருத்தியது ஸ்கோப் கெட்டதல்ல, இந்தப் பதில்தான்.

திருப்பி எடுக்க மறுத்த முதல் பதிலில், பொருத்திய பொருளைத் திரும்பப் பெற முடியாது, குழாயில் வளையத்தின் தடம் இருக்கிறது என்றீர்கள். ஸ்கோப் ஜீரோ நிற்குமா என்பதைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே தெரிந்துகொள்ள முடியாது. ரைஃபிளில் மாட்ட வேண்டும், ரேஞ்சுக்குப் போக வேண்டும், சுட வேண்டும். மாட்டினால் தடம் விழும். தடம் விழுந்தால் திரும்பப் பெற மாட்டீர்கள். அப்படியென்றால் இந்தக் குறையோடு எந்த வாடிக்கையாளர் வந்தாலும் அவர் பணம் திரும்பி வர வழியே இல்லை. ஓராண்டு உத்தரவாதம் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறீர்களே, அது யாருக்காக?

இரண்டாவது பதிலில், ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது என்று அட்டையில் இருப்பதைச் சுட்டிக்காட்டினீர்கள். அட்டையின் பின்புறம், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும் அந்த வரி இருப்பது உண்மை. விற்கும் இடத்தில் ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது என்கிறீர்கள். கேட்டால் தாராளமாகப் போடலாம் என்கிறீர்கள். பணம் வாங்கிப் பெட்டியை அனுப்பிய பிறகு, உள்ளே இருக்கும் அட்டை போடக் கூடாது என்கிறது. இரண்டையும் எழுதியது ஒரே நிறுவனம். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் இந்த விளையாட்டைத் தொடங்குகிற எத்தனையோ பேர் முதலில் கையில் எடுப்பது ஸ்பிரிங் ரைஃபிளைத்தான். அவர்களிடம்தான் இந்த ஸ்கோப்பை விற்கிறீர்கள்.

இதை நான் 6,400 ரூபாய்க்காக மட்டும் எழுதவில்லை. என் அண்ணன் மகள் இப்போதுதான் சுடப் பழகுகிறாள். ரேஞ்சுக்குப் போவதற்கு முந்தைய வாரம் மொட்டைமாடியில் தடுப்பு கட்டி, இந்த ஸ்கோப்போடுதான் பயிற்சி செய்தாள். குண்டு கண்ட இடத்தில் விழுந்தது. மூச்சை மாற்றிப் பார்த்தாள், ட்ரிகரை மெதுவாக இழுத்துப் பார்த்தாள். கடைசியில் "எனக்குக் கையே சரியில்ல சித்தப்பா" என்று ரைஃபிளைக் கீழே வைத்துவிட்டாள். இரும்பு சைட்டில் அவள் போட்ட குரூப்பைப் பார்த்த பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. சுபேதார் அவளிடம், "ஜீரோ நிக்காத சாமானை வெச்சுப் பழகாதம்மா, இல்லாத தப்பைத் திருத்தப் போய் இருக்கிற நல்ல பழக்கமும் கெட்டுப் போயிடும்" என்றார். பக்கத்தில் விவரம் தெரிந்தவர் யாரும் இல்லாத ஊரில், உங்கள் ஸ்கோப்பை வாங்கிய ஒரு பிள்ளை தன் கையையே குறை சொல்லிக்கொண்டு விளையாட்டை விட்டுவிடும். குறி வைத்த இடத்தில் விழாத குண்டு வேறெங்கோ விழுகிறது என்பதால் இதில் ஆபத்தும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் விளம்பரப் படத்தில் குறுக்குக்கோட்டுக்கு நடுவே ஒரு புள்ளிமான் நிற்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்த நாட்டில் மான் வேட்டை குற்றம். இங்கே தாளில் சுடுகிறவர்களுக்கு விற்கும் பொருளுக்கு அந்தப் படம் வேண்டாம். அதைப் பார்த்துவிட்டு எந்தப் பையனும் காட்டுப் பக்கம் போய்விடக் கூடாது.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது என்று அவை சொல்கின்றன. இந்த ஸ்கோப்பில் இரண்டு குறையும் இருக்கிறது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளது. உங்கள் கடையின் சொந்த நிபந்தனையைக் காட்டி அதைத் தாண்ட முடியாது.

ஆகவே ஸ்கோப், மவுண்ட் இரண்டின் முழுத் தொகையையும் நான் பணம் செலுத்திய கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். கூப்பனோ மாற்று ஸ்கோப்போ வேண்டாம். பொருளை எடுத்துச் செல்லும் கூரியர் செலவு உங்களுடையது. விற்பனைப் பக்கத்தில் இந்த ஸ்கோப் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஏற்றதல்ல என்றும், பாரலாக்ஸ் 100 கெஜத்துக்கு வைத்தது என்றும் தமிழிலும் சேர்த்து எழுதுங்கள். உத்தரவாத அட்டையில் உள்ள அந்த வரியை வாங்குவதற்கு முன்பே படிக்கும் இடத்தில் போடுங்கள். ஏற்கெனவே ஏர் ரைஃபிளுக்காக இதை வாங்கியவர்களுக்கும் தகவல் அனுப்புங்கள். கடைசியாகச் சொன்ன இதைத் தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒரு மாதத்துக்குள் பணம் வரவில்லை என்றால் பெங்களூரு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. டார்கெட் தாள்கள், சாட் உரையாடல், உங்கள் இரண்டு பதில்கள் எல்லாம் வரிசையாக எடுத்து வைத்திருக்கிறேன். நேரில் வந்து சொல்ல சுபேதாரும் சம்மதித்திருக்கிறார்.

ஸ்கோப்பை அதன் பெட்டியில், அட்டையும் தாளும் சேர்த்துக் கட்டி வைத்துவிட்டேன். கூரியர்காரரை எந்த நாளும் மாலை 6 மணிக்கு மேல் அனுப்பலாம், வருவதற்கு முன் போன் செய்யச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
அல்சூர், பெங்களூரு.

இணைப்பு: ரசீது, விற்பனைப் பக்கத்தின் படம், சாட் உரையாடல், டார்கெட் தாள்களின் படங்கள், மவுண்ட் கோடுகளின் படங்கள், உத்தரவாத அட்டையின் இரு பக்கங்கள்.