உறுமுகிற நாயை அடிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டு நாய் வீட்டாரையே கடித்தது என்று செய்தி வரும்போதெல்லாம் ‘திடீரென்று’ என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. பெரும்பாலும் அப்படித் திடீரென்று நடப்பதில்லை. அதற்கு முன்னால் நாய் உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், உடம்பை விறைத்துக்கொண்டு வெள்ளை விழி தெரிய ஓரக்கண்ணால் பார்க்கும், அப்புறம் உறுமும். கொஞ்சம் தள்ளிப் போங்கள் என்று கெஞ்சுவதற்கு அதனிடம் இருப்பது இவ்வளவுதான். எனக்கும் இது தெரியாமல்தான் இருந்தது.

எங்கள் நாய்க்கு ஏழு வயதானபோது, இடுப்புப் பக்கம் தொட்டாலே உறும ஆரம்பித்தது. திமிர் என்று நினைத்து ஒரு பயிற்சியாளரைக் கூப்பிட்டோம். ‘நீங்கள்தான் தலைவர் என்று அதற்குப் புரிய வைக்க வேண்டும்’ என்று சொல்லி, கழுத்தை இறுக்கும் சங்கிலியை மாட்டி, உறுமும்போதெல்லாம் சுண்டி இழுக்கச் சொன்னார். இரண்டே வாரத்தில் உறுமல் நின்றது, எங்களுக்கும் நிம்மதி. அடுத்த மாதம் ஒரு சத்தமும் இல்லாமல் என் மகளின் கையைக் கடித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கால்நடை மருத்துவரிடம் போனோம். எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டு தேய்ந்திருப்பது தெரிந்தது. வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த வாயை நாங்களே அடைத்திருக்கிறோம், இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

அந்தத் தலைவர் கதை எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். 1947-இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்ற ஆய்வாளர், அடைத்து வைத்த ஓநாய்கள் தலைமைக்காக மோதிக்கொள்வதைப் பார்த்து எழுதியதில் வேர்விட்ட எண்ணம் அது; பிறகு அதை நாய்களுக்கும் பொருத்திவிட்டார்கள். அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், குட்டிகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999-இல் எழுதிவிட்டார். ஆனாலும் அந்தத் தலைவர் கதையின் பேரில் நாய்கள் இன்னும் அடி வாங்குகின்றன.

நாயின் குணம் மாறினால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் சீழ், பல்வலி, மூட்டுவலி, தைராய்டு குறைவு என்று எதுவாகவும் இருக்கலாம். அதோடு நாய்களின் நடத்தையை முறையாகப் படித்த ஒருவரையும் தேடுங்கள், ஏனென்றால் உட்கார், வா என்று பழக்குவது ஒரு வேலை, பயந்து கடிக்கிற நாயைத் தேற்றுவது வேறு வேலை. பல நாடுகளில் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொள்ளப் படிப்போ உரிமமோ கட்டாயமில்லை. அதனால் ‘நாய் சொன்னபடி கேட்காவிட்டால் என்ன செய்வீர்கள்?’ என்று நேராகக் கேளுங்கள். அடி, சங்கிலி, மின்னதிர்ச்சி கொடுக்கும் ஷாக் காலர் என்று பதில் வந்தால் வேண்டாம். தனியாக விட்டால் கதவைப் பிறாண்டி ஊளையிடும் நாய்களுக்கு, பயிற்சியோடு சேர்த்து மருத்துவர் கொடுக்கும் மாத்திரைகளும் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்களுக்கு உதவியவர் முதல் நாள் நாயைத் தொடவே இல்லை, ஒரு மணி நேரம் எங்களைத்தான் கேள்வி கேட்டார். வலிக்கு மருந்து தொடங்கிய பிறகு, மகள் தள்ளி உட்கார்ந்து தின்பண்டம் போடுவதில் ஆரம்பித்து, நாய் பதறாத அளவுக்கு மட்டும் நாளுக்கு நாள் நெருங்கினாள். நான்கு மாதம் ஆனது. இப்போது அது மறுபடியும் உறுமுகிறது. உறுமினால் நாங்கள் கையை எடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
நாய் வளர்க்கும் ஒரு வாசகி