நெஞ்சளவு

அஸ்தம்பட்டி, சேலம்
ஞாயிறு இரவு

அன்புள்ள நெஞ்சளவு சண்முகத்துக்கு,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை. திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். எனக்கு மட்டும் முழங்காலில் ஆறு தையல்.

போன செவ்வாய் ஏற்காட்டில் மிளகு வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் இறங்கினேன். 20 கொண்டை ஊசி வளைவும் மனப்பாடம் என்ற திமிர் வேறு. ஒரு வளைவில் நட்டு வைத்திருக்கும் உருண்டைக் கண்ணாடியில் மினி பஸ் ஒன்று ஏறி வருவது தெரிந்தது. பொம்மை மாதிரி துளியூண்டு. வர நேரமாகும் என்று வண்டியை ஒடித்தேன். அதற்குள் பஸ் மூக்குக்கு நேரே! நான் ஓரத்துப் பள்ளத்தில், மிளகு ரோட்டில். "பெரியவரே, கண்ணாடியைப் பார்க்கலையா?" என்றார் டிரைவர். பார்த்ததுதானே வம்பு!

படுத்துக் கிடந்த நாட்களில் பேத்தியின் அறிவியல் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். சிரிக்காதே. அந்த உருண்டைக் கண்ணாடி வெளிப்பக்கம் புடைத்த குவி ஆடி. அதன் வளைவு ஆரம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள், குவியத் தொலைவு அதில் பாதி, 1 மீட்டர். பஸ் 24 மீட்டர் தள்ளி வந்தால் அதன் பிம்பம் ஆடிக்குப் பின்னால் 96 சென்டிமீட்டரிலேயே விழுந்துவிடுகிறது. அளவு 25-இல் ஒரு பங்கு. 2.5 மீட்டர் உயர பஸ், வெறும் 10 சென்டிமீட்டர்! வேடிக்கை பார், பிம்பம் நிஜ பஸ்ஸைவிடக் கிட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் கண் அளவை வைத்தல்லவா தூரத்தைச் சொல்கிறது? ஆடிக்கு 9 மீட்டர் முன்னால் இருந்த எனக்கு அது கால் கிலோமீட்டர் தள்ளி வருகிற பஸ் மாதிரி தெரிந்திருக்கிறது.

ஆடி மேல் குற்றமில்லை. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்ற சட்டம் முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் இதற்கும் ஒன்றுதான். வளைந்த பரப்பில் செங்குத்துக் கோடு இடத்துக்கு இடம் வேறு பக்கம் திரும்பி நிற்கிறது, கதிர்கள் விரிந்துபோகின்றன. அதனால்தான் வளைவுக்கு அந்தப் பக்கம் முழுக்க ஒரே ஆடியில் அடங்குகிறது. தட்டைக் கண்ணாடி வைத்திருந்தால் பஸ் சரியான அளவில் தெரிந்திருக்கும், ஆனால் அது என் கண்ணில் பட்டிருக்குமா என்பதே சந்தேகம்.

அப்புறம்தான் உன் கிணறு ஞாபகம் வந்தது. தண்ணீரைப் பார்த்து "நெஞ்சளவுதான்டா" என்று சொல்லி உள்ளே இறங்கினாயே! தண்ணீருக்குள் ஒளியின் வேகம் காற்றில் போவதில் முக்கால் பங்குதான். வெளியே வரும் கதிர் அந்தச் செங்குத்துக் கோட்டை விட்டு விலகிச் சாய்கிறது, தரை மேலே எழும்பி வந்த மாதிரி தெரிகிறது. 6 அடித் தண்ணீரை நேர் மேலிருந்து பார்த்தால் 4.5 அடி. நீயோ படியில் நின்று சாய்வாகப் பார்த்தாய், இன்னும் குறைவாகத் தெரிந்திருக்கும். உன் கண் சரியாகத்தான் நெஞ்சளவு என்றது. நாற்பது வருஷமாக உன்னைக் கேலி செய்த நான், ஒரு கண்ணாடியை நம்பிப் பள்ளத்தில் விழுந்தேன்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொன்னதே இல்லை. நீ முங்கி எழுந்து கையை ஆட்டினபோது நடிக்கிறாய் என்று நினைத்தேன். படியில் நின்று கைதட்டினேன் சண்முகம். உங்க அண்ணன் குதிக்கும் வரை கைதட்டிக்கொண்டுதான் இருந்தேன். பள்ளத்தில் கிடந்தபோது பஸ்ஸிலிருந்து யாரோ சிரித்தது காதில் விழுந்தது, அப்போது அதுதான் நினைவுக்கு வந்தது.

சரி. அண்ணனைக் கேட்டதாகச் சொல். ரோட்டில் கொட்டியதில் அரைக் கிலோ தேறியது. கல் பொறுக்கிப் பாதியை உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன். தையல் பிரித்ததும் வா, பஸ்ஸில் ஏற்காடு போவோம்.

உன்,
ராமு