பாதி வேலை செய்த லென்ஸும் முழு மனதோடு உதவிய மூவரும்

அன்புள்ள அண்ணா, அக்கா, தம்பி,

மூவருக்கும் வணக்கம். அன்றைக்கு அவசரத்தில் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதோடு சரி. எதற்கெல்லாம் நன்றி என்று விளக்கமாகச் சொல்லாமல் மனசு ஆறவில்லை.

பழுது பார்ப்பவர் யாரும் பக்கத்தில் இல்லாத மலைப்பகுதி. கையில் இருந்தது ஒரே ஒரு ஜூம் லென்ஸ். ஷட்டரை அழுத்தினால் கேமரா அப்படியே நின்றுவிடும். லென்ஸுடன் தொடர்பு சரியில்லை என்று திரையில் எச்சரிக்கை வரும். அணைத்து அணைத்துப் போட்டும் அதே கதை.

லென்ஸ் மெக்கானிக் அண்ணா, என்னை உங்களுக்கு முன்பின் தெரியாது. நண்பர் கொடுத்த எண்ணில் கூப்பிட்டேன், அவ்வளவுதான். லைன் அறுந்தபோதெல்லாம் நீங்களே திரும்ப அழைத்தீர்கள். கீழே விழுந்ததா, நனைந்ததா என்று முதலில் விசாரித்தீர்கள். லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்துக் கான்டாக்ட் புள்ளிகளைக் காய்ந்த துணியால் துடைக்கச் சொன்னீர்கள். பலன் இல்லை. அப்புறம் கேட்டீர்களே, “அப்பர்ச்சரை முழுசாத் திறந்து வச்சு எடுத்தா எரர் வருதா?” என்று, அந்தக் கேள்விதான் என் பயணத்தைக் காப்பாற்றியது.

லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரமான அப்பர்ச்சர் முழுசாகத் திறந்திருக்கும் எஃப் 4-ல் எரர் வரவில்லை. அதைச் சற்றே சுருக்கி எஃப் 5.6 வைத்ததும் வந்தது. என்னுடையது போன்ற டிஎஸ்எல்ஆர் கேமராவில் நாம் பார்க்கும்போது அப்பர்ச்சர் திறந்தே இருக்கும், படம் விழும் நொடியில்தான் அதைச் சூழ்ந்த இதழ்கள் சுருங்கும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். சுருங்கச் சொல்லி உத்தரவு போகும் மெல்லிய பட்டைக் கேபிள், ஜூம் செய்யும் ஒவ்வொரு தடவையும் மடங்கி விரிந்து நாளடைவில் கீறிப்போகுமாம். முழுசாகத் திறந்தே எடுத்தால் இதழ்கள் அசைய வேண்டியதில்லை. அதனால் படம் விழுகிறது. “தயவுசெய்து பிரிச்சிடாதீங்க, உள்ள ஒரு கண்ணாடி கொஞ்சம் நகர்ந்தாலும் மெஷின் இல்லாம நேர் பண்ண என்னாலயே முடியாது” என்றீர்கள். ஸ்க்ரூ டிரைவர் தேடிக்கொண்டிருந்த என்னை நிறுத்தியது அந்தப் பேச்சு.

பக்கத்து அறை அக்கா, எஃப் 4 மட்டும் வைத்துக்கொண்டு, வெளிச்சம் மிஞ்சாமல், கிட்டவும் தூரமும் தெளிவாக மலையை எப்படி எடுப்பது என்ற என் கவலையைத் தீர்த்தது நீங்கள். உங்கள் லென்ஸையே தர வந்தீர்கள். லென்ஸைக் கேமராவில் மாட்டும் மவுன்ட் வேறு, பொருந்தவில்லை. விடாமல் கணக்கு போட்டீர்கள். நல்ல வெயிலில் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 என்றால் ஷட்டர் 1/100 நொடி. எஃப் 4 நான்கு ஸ்டாப் தள்ளி இருப்பதால், அதாவது வெளிச்சம் நான்கு முறை இரட்டிப்பாவதால், 1/1600. கேமரா 1/4000 வரை போகும், வெளிச்சம் ஒரு பிரச்சினையே இல்லை. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவில் ஜூமை 24 மி.மீ. வைத்து ஐந்து மீட்டர் தள்ளி ஃபோகஸ் செய்தால், எஃப் 4-லும் இரண்டரை மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய மலைவரை தெளிவாக விழும் என்றும் சொன்னீர்கள். அதை நம்பி எடுத்த படங்கள்தான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை. பாறை இன்னும் கிட்டே வந்தால், பாறைக்கு ஒன்று மலைக்கு ஒன்று என்று இரண்டு படம் எடுத்துப் பின்னால் சேர்க்கும் வழியையும் கற்றுக்கொடுத்தீர்கள்.

அப்புறம் அருவி. அதற்கு மெதுவான ஷட்டர் வேண்டும். வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் உங்கள் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர், அதே 77 மி.மீ. திருகளவு என்பதால் என் லென்ஸிலும் ஏறியது. “ஊருக்குப் போய் அனுப்பு, போதும்” என்று கொடுத்துவிட்டுக் கிளம்பினீர்கள். அறிமுகமாகி ஒரு நாள்கூட ஆகாதவரிடம் அப்படிக் கொடுக்க எல்லோருக்கும் மனம் வராது.

ஜீப் ஓட்டிய தம்பி, சிக்னல் எட்டும் அந்த ஒரே வளைவுக்குக் கூட்டிப்போய், அண்ணனோடு பேசி முடிக்கும்வரை வண்டியை நிறுத்திக் காத்திருந்தாயே. நீ இல்லாமல் மற்ற எதுவும் நடந்திருக்காது.

அண்ணா, திரும்பியதும் லென்ஸை உங்களுக்கே அனுப்பினேன். கீறிய கேபிளைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். நீங்கள் சொன்ன அதே இடம். அக்கா, ஃபில்டரைப் பத்திரமாகக் கட்டி அனுப்பியாயிற்று. அருவிப் படத்தைப் பெரிதாக அச்சிடக் கொடுத்திருக்கிறேன், மூன்று பிரதி. வந்ததும் உங்கள் மூவருக்கும் அனுப்பி வைக்கிறேன்.

மிக்க நன்றியுடனும் அன்புடனும்,
உங்கள் பயணத் தோழன்