குழாய் பதித்த நாளோடு முடிந்துபோகும் உதவி

வேளாண் நீர் மேலாண்மைக்கும் நீர்ச் சேமிப்புக்கும் உழவர்களுக்குத் தொழில்நுட்ப உதவி வழங்கும் அரசுத் துறைகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

மானியத்தைக் கூட்டித் தரவேண்டும் என்று கேட்கும் மடல்கள் உங்களுக்கு நிறையவே வரும். நான் கேட்க நினைப்பது வேறொன்று. கருவிகள் வந்து இறங்கி, குழாய்கள் பதித்து முடித்த பிறகு எங்கள் வயலுக்கு ஒருவர் திரும்ப வரவேண்டும். அவர் அளந்து பார்க்கவேண்டும். அளந்ததை வைத்து எங்களுக்கு வழி சொல்லவேண்டும். இந்த ஒன்றைக் கேட்டே எழுதுகிறேன்.

என் வயலில் சொட்டுநீர்ப் பாசனம் அமைக்க அரசு உதவி கிடைத்தது, அதற்கு நன்றியுடையவன். நிலத்தை அளந்தார்கள், வரைபடம் போட்டார்கள், குழாய்களைப் பதித்தார்கள், தண்ணீரை ஒருமுறை ஓடவிட்டுப் படம் எடுத்தார்கள், நான் கையெழுத்திட்டேன். முதல் இரண்டு பருவங்கள் குறையில்லை. மூன்றாம் பருவத்தில் கடைக்கோடி வரிசைகளில் பயிர் சோர்ந்து நின்றது. உரம் போதவில்லை என்று நினைத்து உரம் கொடுத்தேன். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மோட்டாரைக் கூடுதல் நேரம் ஓட்டினேன். வெண்படிவு அடைத்திருக்கும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டுக் குழாயில் அமிலம் விட்டும் பார்த்தேன். உதவி அளித்த அலுவலகத்தைக் கேட்டபோது, பணி நிறைவடைந்து கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது என்றார்கள்.

கடைசியில் கைக்கு எட்டியதைக் கொண்டு நானே அளந்தேன். குழாயில் தண்ணீர் சொட்டும் சிறு முனையைச் சொட்டுவான் என்பார்கள். மணிக்கு 4 லிட்டர் விடவேண்டிய சொட்டுவான் 3 நிமிடத்தில் 200 மில்லிலிட்டர் விடவேண்டும். கிண்ணங்களை வரிசைக்கு வரிசை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எடுத்து, அளவுக் குவளையில் ஊற்றினேன். தலைமாட்டு வரிசைகளில் ஏறக்குறைய முழு அளவு இருந்தது. கடைக்கோடியில் பாதிகூட இல்லை. ஒரு சொட்டுவானை அறுத்துப் பார்த்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் வழவழவென்று சேறு. கிணற்று நீரில் இருந்த இரும்பில் வளரும் நுண்ணுயிரி அது. வெண்படிவுக்குத்தான் அமிலம், இந்தச் சேற்றுக்குக் குளோரின் விட்டுக் குழாய்முனையைத் திறந்து அலசவேண்டும். தண்ணீரை முன்கூட்டியே சோதித்திருந்தால் முதல் நாளிலேயே தெரிந்திருக்கக்கூடிய செய்தி இது. வடிகட்டியின் இரு பக்கமும் இரண்டு அழுத்தமானிகள் எதற்காக இருக்கின்றன என்பதையும் அன்றுதான் புரிந்துகொண்டேன். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் வழக்கத்தைவிடக் கூடினால் வடிகட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும், ஆனால் மூன்று ஆண்டுகளாக எனக்கு யாரும் சொல்லவில்லை.

இதனால் நேர்ந்த இழப்பு என் கடைக்கோடிப் பயிரோடு நிற்கவில்லை. அதை நனைப்பதற்காக நான் மோட்டாரை இரட்டிப்பு நேரம் ஓட்டியபோது, தலைமாட்டு வரிசைகளில் தேவைக்கு மேல் இறங்கிய தண்ணீர், நான் போட்ட உரத்தையும் கரைத்துக்கொண்டு வேருக்குக் கீழே போய்விட்டது. பாசனப் பொறியாளர்கள் ஒரு வயலைச் சோதிக்கும்போது, மிகக் குறைவாகத் தண்ணீர் பெறும் கால்பங்கு இடங்களின் சராசரியை மொத்த வயலின் சராசரியோடு ஒப்பிடுவார்கள். அந்தக் கால்பங்கு பாதியளவுதான் பெறுகிறது என்றால், அதன் தாகத்தைத் தீர்க்க வயல் முழுவதற்கும் இருமடங்கு பாய்ச்சவேண்டியிருக்கும். சீராகப் பாயாத சொட்டுநீர், நன்கு கவனிக்கப்படும் வாய்க்கால் பாசனத்தைவிட எந்த வகையில் சிக்கனமானது?

சீராகப் பாய்ச்சுவது ஒரு பாதி. எப்போது, எவ்வளவு பாய்ச்சுவது என்பது மறுபாதி. இதற்கான அறிவியல் எப்போதோ கனிந்துவிட்டது. வெயில், காற்று, வெப்பம், காற்றின் ஈரம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு நாளில் பயிரும் மண்ணும் எத்தனை மில்லிமீட்டர் நீரை ஆவியாக விடுகின்றன என்று கணக்கிடும் முறையை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 1998-இல் செம்மைப்படுத்தி வெளியிட்டது. கலிபோர்னியா மாநிலம் 1982-இலேயே வானிலை நிலையங்களை நிறுவி இந்தக் கணக்கை உழவர்களுக்கு வழங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் மில்லிமீட்டர் என்ற எண்ணை மட்டும் கைப்பேசிக்கு அனுப்பினால் உழவர் அதை வைத்து என்ன செய்வார்? ஒரு மீட்டர் இடைவெளியுள்ள வரிசைகளில் அரை மீட்டருக்கு ஒன்றாக 4 லிட்டர் சொட்டுவான்கள் இருந்தால், ஒரு மணி நேரத்தில் இறங்குவது 8 மில்லிமீட்டர். அப்படியானால் 5 மில்லிமீட்டர் செலவான நாளுக்கு மோட்டார் 40 நிமிடம் ஓடினால் போதும். பழக்கத்தின் பேரில் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு இந்த 40 நிமிடம் என்ற சொல்தான் உதவி. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் என்பது 10,000 லிட்டர் என்பதை நினைத்தால், தவறிப்போகும் ஒவ்வொரு மணி நேரத்தின் அளவும் விளங்கும்.

கருவி விலையுயர்ந்ததாக இருக்கவேண்டும் என்றில்லை. நெல்வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டும் முறைக்குச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைப்பது துளையிட்ட ஒரு குழாய்த்துண்டுதான். அதை வயலில் புதைத்து உள்ளே எட்டிப் பார்க்கவேண்டும். நீர்மட்டம் மண்ணின் மேற்பரப்பிலிருந்து 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே மறுபடி பாய்ச்சவேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் நிற்கவேண்டும். விளைச்சல் குறையாமல் 30 விழுக்காடு வரை நீரை மிச்சப்படுத்தலாம் என்று அந்நிறுவனம் சொல்கிறது. ஆனால் வயல் வறண்டதுபோல் தெரியும் முதல் வாரத்தில் உழவரின் நெஞ்சு படபடக்கும். அந்த வாரத்தில் வரப்பில் வந்து நின்று, குழாய்க்குள் தண்ணீர் தெரிவதைக் காட்டி, இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாம் என்று சொல்ல ஒருவர் இல்லாவிட்டால் அவர் மடையைத் திறந்துவிடுவார். நானும் திறந்திருப்பேன்.

வயலுக்கு வரும் ஆள்தான் இத்துறையின் தொடக்கமும்கூட. புழுதிப் புயல்கள் மேல்மண்ணை வாரிக்கொண்டு போன காலத்தில், ஹியூ ஹேமண்ட் பென்னட் தலைமையில் 1935-இல் அமெரிக்கா அமைத்த மண்வளப் பாதுகாப்புத் துறை, தன் வல்லுநர்களை நிலத்துக்கே அனுப்பி, உழவரோடு சேர்ந்து அந்தந்த நிலத்துக்கான திட்டத்தைத் தீட்டியது. 1994-இல் பெயரும் பொறுப்பும் விரிவடைந்த அத்துறை இன்றும் தொழில்நுட்ப ஆலோசனையைக் கட்டணமின்றி வழங்குகிறது. கலிபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் நடமாடும் பாசன ஆய்வுக்கூடங்கள் வயலுக்கே வந்து, அழுத்தத்தையும் சொட்டும் அளவையும் அளந்து, எதைச் சரிசெய்யவேண்டும் என்று எழுதிக் கொடுக்கின்றன.

இன்னொன்றையும் நான் உழவனாக இருந்துகொண்டே சொல்லியாகவேண்டும். மிச்சமான தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்காவிட்டால், நாங்கள் அதைக் கொண்டு இன்னும் கொஞ்சம் நிலத்தை நனைப்போம், அல்லது கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும் பயிருக்கு மாறுவோம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் நீர் விரயத்தைக் குறைக்கும் தெளிப்பு முனைகளுக்கு அரசு பணம் கொடுத்தது. அதன் பிறகு நிலத்தடி நீரை எடுப்பது குறைவதற்கு மாறாகக் கூடியது என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே மாநிலத்தின் ஷெரிடன் வட்டாரத்து உழவர்கள் 2013 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, பாசன நிலத்தின் மேல் மொத்தம் 55 அங்குல உயரத் தண்ணீர் என்று தங்களுக்குத் தாங்களே ஒரு வரம்பை ஏற்றுக்கொண்டார்கள். மழை குறைந்த ஆண்டில் கூடுதலாக எடுத்து, மழை பெய்த ஆண்டில் குறைத்துக்கொள்ளலாம். 20 விழுக்காடு குறைப்பதே இலக்கு. அதைவிட அதிகமாகவே குறைந்தது. கருவி ஏறக்குறைய ஒன்றுதான். எடுக்கும் தண்ணீரை அளக்கும் அளவுமானியும், ஒப்புக்கொண்ட வரம்பும், எந்த நாளில் பாய்ச்சாமல் விடலாம் என்ற அறிவும் சேர்ந்தபோது விளைவு மாறியது.

ஆகவே நான் கேட்பவை பெரியவை அல்ல. குழாய் பதிக்கும் முன் கிணற்று நீரைச் சோதித்து, அடைப்பு எதனால் வரக்கூடும் என்பதை உழவருக்கு எழுத்தில் கொடுங்கள். ஒவ்வோர் அமைப்போடும் ஓர் அளவுமானியைக் கட்டாயமாக்குங்கள். அதன் கணக்கை உழவரும் பார்க்கட்டும், வட்டாரமும் பார்க்கட்டும். நிதி ஒதுக்கும்போது கள அலுவலரின் பயணத்துக்கும் நேரத்துக்கும் தனியாக ஒதுக்குங்கள், ஏனென்றால் அவர்கள் வராததற்குக் காரணம் பெரும்பாலும் அக்கறைக் குறைவல்ல, ஒரே ஆளின் தலையில் எண்ண முடியாத அளவு கோப்புகள் இருப்பதுதான். எத்தனை ஹெக்டேரில் குழாய் பதித்தோம் என்று எண்ணும் உங்கள் ஆண்டறிக்கையில், மூன்றாம் பருவத்திலும் சீராகச் சொட்டுகின்ற வயல்கள் எத்தனை என்றும் எண்ணுங்கள்.

நிறைவுப் படிவத்தில் இப்போது நாங்கள் கையெழுத்திடும் இடத்துக்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள் வேண்டும். ஒன்றில் இரண்டாம் பருவத்திலும், மற்றதில் நான்காம் பருவத்திலும் வந்து அளந்த நாளும், தலைமாட்டிலும் கடைக்கோடியிலும் கிண்ணத்தில் விழுந்த மில்லிலிட்டரும் எழுதப்படவேண்டும். அவை நிரம்பும் வரை கோப்பை முடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
சொட்டுநீர் கொண்டு பயிர் செய்யும் ஓர் உழவன்