எமது பால் உற்பத்தியாளர் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024 – 2025

தலைவர் அவர்களே, போசகர் அவர்களே, சிரமம் பாராமல் வந்திருக்கும் அங்கத்தவர்களே,

வழமையான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நிர்வாகக் கூட்டம் ஒன்பது முறை கூடியது. மாடுகளுக்குக் கால்-வாய் நோய்த் தடுப்பூசி போடப்பட்டது. நவம்பர் வெள்ளத்தில் மாடு இழந்தவர்களின் பட்டியலைப் பிரதேச செயலகத்தில் கொடுத்தோம். பட்டிப்பொங்கல் வழமைபோல் நடந்தது.

இனி பரிசோதனை விடயம். பாலையும் தீவனத்தையும் பரிசோதிக்க நம் மாவட்டத்திலேயே ஓர் ஆய்வுகூடம் வேண்டும் என்று அரசுக்கு மனு எழுதியிருக்கிறோம். இதற்குக் கொஞ்சம் நேரம் எடுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூலையில் ஓர் அங்கத்தவர் வீட்டில் நாற்பது சட்டி தயிர் உறையவில்லை என்று கேள்விப்பட்டு நானே போனேன். விடிந்து ஒன்பது மணியாகியும் சட்டியைச் சரித்தால் பால் வழிந்தது. மேலே மெல்லிய ஆடை மட்டும். அவருடைய மனைவி உறைமோரைக் குறை சொன்னார், அப்புறம் சட்டியைக் குறை சொன்னார். விசாரித்துப் பார்த்தால், மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட இரண்டு பசுக்களின் பாலும் அதில் கலந்திருந்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பாலில் இறங்கினால் உறைமோரில் இருக்கும் பக்றீரியாவையும் கொன்றுவிடும். அன்று தயிர் உறையாததால் தெரிந்தது. மருந்து குறைவாக இருந்தால் தயிர் உறைந்துவிடும், சந்தைக்கும் போய்விடும், ஒருவருக்கும் தெரியாது. ஆய்வுகூடம் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது அதனால்தான்.

வெள்ளத்துக்குப் பிறகு இன்னொரு பயம் வந்தது. நனைந்த சோளமும் புண்ணாக்கும் பூஞ்சணம் பிடித்தன. மனிதர் தின்ன ஏலாது, மாட்டுக்குப் போடுவோம் என்று பலர் போட்டார்கள். பூஞ்சணத்தில் உண்டாகும் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு மாட்டின் உடம்பில் உருமாறி, ஓரிரு நாளிலேயே பாலில் வந்துவிடும். காய்ச்சினாலும் அழியாது. சர்வதேச உணவுத் தரம் ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராம் வரைதான் அனுமதிக்கிறது. இந்த அளவைக் கண்ணாலோ மூக்காலோ பிடிக்க முடியாது. 2021இல் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் இதே நஞ்சு இருந்தது வெளிவந்ததும் ஆய்வுகூடத்தால்தான்.

நம் இலங்கைச் சட்டத்தில் மனித உணவுக்கு 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம், கால்நடைத் தீவனத்துக்கு 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். அமைச்சும் வேறு, அலுவலரும் வேறு. பால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பக்கம், தீவனம் கால்நடை வைத்தியர் பக்கம். ஆனால் கெட்ட தீவனமும் அதனால் கெடும் பாலும் ஒரே தொழுவத்தில்தானே இருக்கின்றன? இரண்டையும் ஒரே இடத்தில் பரிசோதித்தால்தான் காரணம் பிடிபடும். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் கொழும்புப் பக்கம், மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் கன்னொறுவையில். இங்கிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். இந்த ஆண்டு மூன்று முறை ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் அடுக்கி மாதிரி அனுப்பினோம். இரண்டாவது முறை பஸ் பிந்தி, ஐஸ் உருகி, பால் திரிந்து வீணாயிற்று. அந்தப் பெட்டியை விடியற்காலை நான்கு மணிக்கு நான் தனியாகத்தான் கட்டினேன்.

நாம் கேட்பது பெரிய கட்டடமல்ல. முதற்கட்டப் பரிசோதனையை மாவட்டத்திலேயே செய்ய ஓர் அறை, பயிற்சி பெற்ற ஆட்கள், விடாமல் வரும் மின்சாரம், தீராமல் வரும் இரசாயனம். சந்தேகமான மாதிரி மட்டும் கொழும்புக்குப் போகட்டும். கருவியை வாங்கி வைத்துவிட்டு, அதற்குப் போடும் இரசாயனத்துக்குப் பணம் ஒதுக்காமல் விட்டால் அது தூசிதான் பிடிக்கும் என்பதையும் மனுவில் எழுதியிருக்கிறேன்.

இதை எழுத மனம் வருத்தப்படுகிறது. மாதிரி சேகரிக்கும் நாளுக்கு அறுபத்திரண்டு பேருக்கும் அறிவித்தோம், வந்தவர்கள் பதினொரு பேர். பாலில் குறை இருப்பதாக முடிவு வந்தால் வாங்குபவர்கள் பாலை எடுக்கமாட்டார்கள் என்று பயப்படுகிறீர்கள், எனக்கும் விளங்குகிறது. ஆனால் நம்மிடமிருந்தே மாதிரி வராவிட்டால் எந்த அரசு ஆய்வுகூடம் தரும்? இருபத்தேழு பேரின் சந்தா ஒரு வருடத்துக்கு மேல் நிலுவை. பெயர் வாசிக்கவில்லை.

வரவு செலவு பொருளாளரிடம் உண்டு. வரவில் பெரும்பகுதி சந்தாவும் ஒரு நன்கொடையும். செலவில் பாதிக்கு மேல் மாதிரி அனுப்பியதற்கே போனது, கையிருப்பு சொற்பம். உதவிய கால்நடை அலுவலகத்தாருக்கும், பெட்டி தந்த மீன் வியாபாரிக்கும், கணக்குப் பார்த்தவருக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு நான் செயலாளராகத் தொடர்வதா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். யார் வந்தாலும் இந்த மனு நிற்கக்கூடாது. அது வாசலில் மேசை மேல் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. போகும்போது கையெழுத்து வையுங்கள், சந்தாவையும் பொருளாளரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் முதலாம் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாதிரி எடுப்போம். பாலோடு அன்று மாட்டுக்குப் போட்ட தீவனத்திலும் ஒரு பிடி கொண்டுவாருங்கள்.

செயலாளர்