வாங்குகிறவளுக்கு என்ன செலவு?

அன்பு மகளுக்கு,

இயேசுவின் நாமத்தில் அப்பாவின் வாழ்த்து. நானும் அம்மாவும் சுகம். இந்த வருஷம் சாரல் நன்றாக இருக்கிறது, முற்றத்து முருங்கைதான் காற்றில் சாய்ந்துவிட்டது.

போனில் நீ சொன்னதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, எனக்கும் போனில் கோர்வையாகப் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன். அந்தப் பிள்ளையின் நர்சிங் படிப்புக்கு நீ பணம் அனுப்புவதை நம் சபைக் கோவிலில் அறிக்கையில் வாசித்தார்கள். அத்தை உனக்கு அதைச் சொல்லியிருக்கிறாள். கேட்டதும் சந்தோஷமாக இருந்தது, அப்புறம் அந்தச் சந்தோஷமே அசிங்கமாகப் பட்டது என்றாய். ஆண்டவருக்காகச் செய்கிறேனா, ஊர் பேசுவதற்காகச் செய்கிறேனா என்று தெளிவாகும்வரை நிறுத்திவைக்கிறேன் என்றாய்.

நிறுத்தாதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

நீ பிடித்துக்கொண்டிருப்பது மத்தேயு ஆறாம் அதிகாரம். வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது, மனுஷர் காணச் செய்கிறவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது. கடுமையான வசனம்தான், அதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் தாரை ஊதாதே என்றுதான் அவர் சொன்னார், கொடுக்காதே என்று சொல்லவில்லை. அதே மலைப்பிரசங்கத்தில், முந்தின அதிகாரத்திலேயே, மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு பிதாவை மகிமைப்படுத்தும்படி உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்றும் சொல்கிறார். இரண்டையும் சொன்னது ஒரே வாய். ஆக, யார் கண்ணிலாவது பட்டுவிட்டது என்பதாலேயே ஒரு காரியம் கெட்டுப்போவதில்லை.

இன்னொன்று. ஓய்வுநாள் பாடசாலையில் எபேசியர் இரண்டாம் அதிகாரம் எட்டு, ஒன்பது வசனங்களை மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கினாயே. கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல. நம் ஆட்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள். பத்தாம் வசனம், நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. அப்படியானால் இரட்சிப்புக்கு நாம் கட்டுகிற கட்டணம் அல்ல இந்தக் காரியங்கள். கட்டணமாக இருந்தால் ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கள்ளநோட்டா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கட்டணமே இல்லாத இடத்தில் நீ ஏன் கவுண்டரில் நின்று வியர்க்கிறாய்?

பத்து கொடுத்தால் நூறாகத் திரும்பும் என்று டிவியில் மல்கியா ஆகமத்தைக் காட்டிப் பேசுகிறவர்களைப் பற்றி எழுதி இந்தத் தாளை வீணாக்க மாட்டேன். அது வியாபாரம்.

நம் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஆராதனை முடிந்து பந்தலில் வாழைத்தார், கருப்பட்டி, காலைக் கட்டிப்போட்ட சேவல் எல்லாம் வரிசையாக இருக்கும். போன தடவை நடந்ததைக் கேள். ஒரு தேங்காய், கொஞ்சம் பெரிய தேங்காய், அவ்வளவுதான். ஐம்பதில் ஆரம்பித்தது. மேலத்தெரு அண்ணாச்சி நூறு என்றார். அவருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் மதில் தகராறு இருப்பது ஊருக்கே தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் உடனே இருநூறு. அண்ணாச்சி ஐந்நூறு. ஏலம் போடுகிறவர் "ஒருதரம், ரெண்டுதரம்" என்று இழுக்கிறார், மூன்றாம் தரத்தைச் சொல்ல மனம் வரவில்லை அவருக்கு. நாலாயிரத்தில் போய் நின்றது. ஜெயித்த அண்ணாச்சி தேங்காயைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டிவிட்டு நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நாலாயிரத்தில் தேவ அன்பு எத்தனை ரூபாய், மதில் எத்தனை ரூபாய் என்று யார் பிரிப்பது? பணம் முழுசாக மிஷனெரி ஊழியத்துக்குப் போனது.

பவுல் சிறையில் இருந்துகொண்டு பிலிப்பியருக்கு எழுதுகிறார்: சிலர் பொறாமையினாலும் விரோதத்தினாலும் கிறிஸ்துவைப் பிரசங்கிக்கிறார்கள், எனக்கு உபத்திரவம் கூட்ட நினைத்தே செய்கிறார்கள். இப்படிச் சொல்லிவிட்டு, "இதனாலென்ன?" என்கிறார். எப்படியாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார், அதில் சந்தோஷப்படுகிறேன் என்கிறார். வேதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி அது. அன்பில்லாமல் எல்லாவற்றையும் அன்னதானம் பண்ணினாலும் பிரயோஜனமில்லை என்று கொரிந்தியருக்கு எழுதியவரும் அவர்தான். ஆனால் அங்கே "எனக்கு" பிரயோஜனமில்லை என்றுதான் சொல்கிறார். சாப்பிட்டவனுக்குப் பசி தீர்ந்துவிட்டது.

நோக்கத்தை நோண்டுவது என்று இறங்கினால் நம் ஊரில் நம்மிலிருந்தே தொடங்க வேண்டும். 1877-ல் தாது வருஷப் பஞ்சம். இடையன்குடியில் மிஷனெரி கால்டுவெல் ஐயர் இருந்த காலம். அந்தச் சமயத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காகச் சேர்ந்தவர்கள் என்ற ஏளனம் அப்போதே உண்டு. மழை பெய்ததும் திரும்பிப் போனவர்களும் உண்டு. என் தாத்தாவின் தாத்தா குடும்பம் அந்தப் பஞ்சத்தில் வந்ததுதான். கஞ்சிக்குத்தான் வந்தார்கள் என்று என் தாத்தா வெட்கமில்லாமல் சொல்வார். கஞ்சிக்கு வந்தார்கள், இருந்தார்கள், பள்ளிக்கூடம் போனார்கள். அவர்களுடைய நோக்கம் சுத்தமாகட்டும் என்று வாசலிலேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நானில்லை. இதே சீமையிலிருந்து, வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா முதலானோர் 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, நம் ஆட்களையும் நம் பணத்தையும் கொண்டே தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஊழியம் கொண்டுபோனார்கள்.

பெயர் போட்டுக்கொள்வதைப் பற்றி நீ ரொம்பக் கூச்சப்படுகிறாய். நம் பக்கத்து ஊர்ப் பெயர்களை யோசித்துப் பார். சாயர்புரம், நிலத்துக்கு உதவிய சாயர் என்ற வியாபாரியின் பெயர். டோனாவூர், மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் பணம் கொடுத்த பிரஷ்யா தேசத்து டோனா பிரபுவின் பெயர். களக்காட்டு மலையடிவாரத்தில் இத்தனை காலமாக பஸ் போர்டிலும் ரேஷன் கார்டிலும் அந்தப் பெயர் கிடக்கிறது. அதே டோனாவூரில் எமி கார்மைக்கேல் அம்மையார், 1901 முதல் 1951-ல் இறக்கும்வரை, இந்துக் கோவில்களுக்கு விடப்பட இருந்த பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். யாரிடமும் பணம் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். பிள்ளைகள் பறவைகளுக்கான ஒரு கல்தொட்டியை வைத்து "அம்மா" என்று மட்டும் பொறித்தார்கள். பெயர் போட்டவர் பணமும் வேலை செய்தது, பெயர் வேண்டாம் என்றவர் உழைப்பும் வேலை செய்தது. இரண்டாமவர்தான் எனக்கு உசத்தி. அதற்காக முதலாமவரின் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன்.

சரி, அப்படியானால் நோக்கம் எப்படி இருந்தாலும் பரவாயில்லையா என்று கேட்பாய். இல்லை. ஒரு இடத்தில் அது உறைக்கும்.

2023 டிசம்பர் வெள்ளம் நீ தூரத்திலிருந்து பார்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி வீட்டுக்குள் வந்துவிட்ட ஊர்களுக்கு எல்லாரும் அரிசிப் பை கொண்டு போனார்கள், நாங்களும் போனோம். ஒரு கூட்டத்தார் ஒரு வயதான அம்மாளிடம் பையைக் கொடுத்துவிட்டு, போட்டோவுக்காக நிறுத்திவைத்துவிட்டார்கள். சேலைக் கரை முழுக்கச் சேறு. பேனர் முழுதாகத் தெரியவில்லை என்று கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். பையின் ஒரு காதை அந்த அம்மாள் பிடித்திருக்கிறாள், இன்னொரு காதை அவர்கள் விடவில்லை. ஒருவர் சிரிக்கச் சொன்னார். அவள் சிரித்தாள். "எடுத்தாச்சா ஐயா, போகட்டுமா?" என்று கேட்டாள்.

அரிசி நல்ல அரிசிதான், இரவு சோறும் ஆகியிருக்கும். ஆனால் அந்தப் பைக்கு அவள் விலை கொடுத்தாள். நோக்கம் கெட்டுவிட்டதா என்று நான் பார்ப்பது இந்த இடத்தில்தான். உன் மனசுக்குள் டார்ச் அடித்துத் தேடினால் எப்போதும் ஏதாவது அழுக்கு அகப்படும். அதில் நீ உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய், அந்தப் பிள்ளையை மறந்துவிடுவாய். அதற்குப் பதிலாக, நான் கொடுத்ததை வாங்குவதற்கு அவளுக்கு என்ன செலவாகிறது என்று கேள். கோவிலில் உன் பெயரை வாசித்தபோது அவள் பெயரையும் வாசித்தார்கள், அது உனக்குத் தெரியுமா? அத்தை அதைச் சொல்லியிருக்க மாட்டாள். பிள்ளை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது, பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. உனக்குச் சந்தோஷம் வந்ததைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எனக்கு உறுத்தியது அதுதான்.

சபை ஐயரிடமும் கமிட்டிச் செயலாளரிடமும் பேசிவிட்டேன், இனி வாசிக்கமாட்டார்கள். செயலாளருக்குக் கொஞ்சம் வருத்தம். பெயரை வாசித்தால்தான் மற்றவர்களும் கொடுக்க முன்வருவார்கள் என்கிறார், அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வேண்டுமானால் தொகையை மட்டும் வாசியுங்கள் என்றேன். இனிமேல் பணத்தைச் சபையின் சேகர அலுவலகம் வழியாக அனுப்பாமல் கல்லூரிக்கே கட்டிவிடு.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது அவள் வீட்டுக்குப் போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தாயே. போ. பை எதுவும் கொண்டு போகாதே. மார்க்கை விசாரிக்காதே. அவள் அம்மா மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வாள். நேரமில்லை என்று எழுந்து வந்துவிடாமல், போட்டதைச் சாப்பிட்டுவிட்டு வா.

அன்புடன்,
அப்பா