இழப்பீட்டுச் செலவு எங்கே கூடுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொழிலாளர் இழப்பீட்டுச் செலவு நிறுவனங்களைத் திணறடிக்கிறது என்று உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பொய்க் காயம் சொல்லிப் பணம் வாங்குபவர்களைப் பிடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்கிற தொனி அதில் இருந்தது. உலோக உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இந்தக் கோப்புகளைப் பார்ப்பதுதான் என் வேலை. ஏமாற்றுகிறவர்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் மேசையில் தடித்துக் கிடக்கும் கோப்புகள் அவர்களுடையவை அல்ல. உண்மையாகவே அடிபட்டு, அப்புறம் யாரும் எட்டிப் பார்க்காமல் விட்ட ஆட்களுடையவை.

பிரஸ் பிரிவில் ஒருவருக்குப் பாரம் தூக்கும்போது தோள்பட்டை இழுத்துக்கொண்டது. ஷிப்ட் முடிகிற நேரம். "உன்னை யார் தனியா தூக்கச் சொன்னது?" என்று கேட்ட சூப்பர்வைசர், "சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். படிவம் என்னிடம் வந்தபோது வாரங்கள் ஓடியிருந்தன. எவ்வளவு எடை, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒருவருக்கும் சரியாக நினைவில்லை. தாமதத்தைப் பார்த்துக் காப்பீட்டு நிறுவனம் சந்தேகப்பட்டது. சந்தேகப்படுகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் வக்கீலிடம் போனார். பின்னாளில் அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "ஒருத்தராவது போன் பண்ணி எப்படி இருக்கீங்கன்னு கேட்டிருந்தா போயிருக்க மாட்டேன் மேடம்."

அந்த சூப்பர்வைசரின் கேள்வியே தேவையற்றது. 1884-இல் பிஸ்மார்க்கின் ஜெர்மனி கொண்டுவந்த விபத்துக் காப்பீட்டுச் சட்டத்திலிருந்தே இந்த ஏற்பாட்டின் அடிப்படை மாறவில்லை. தப்பு யாருடையது என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. பதிலுக்கு, முதலாளி மேல் அவர் வழக்குப் போடும் வழி பெரும்பாலும் அடைபடுகிறது. முதல் நாளே குற்றவாளியைத் தேடினால் இந்த ஒப்பந்தத்தை முறிப்பது நாம்தான்.

இந்த இழப்பீட்டுக் காப்பீட்டுக்காக முதலாளி கட்டும் பிரீமியத்தின் கணக்கை எத்தனை முதலாளிகள் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள் என்பதும் எனக்குச் சந்தேகமே. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சம்பளத் தொகை, வேலையின் ஆபத்து வகை, அதோடு முந்தைய மூன்று ஆண்டுகளின் கிளெய்ம் (இழப்பீட்டுக் கோரிக்கை) வரலாறு ஆகியவற்றை வைத்து அதைக் கணக்கிடுகிறார்கள். ஒரே ஒரு பெரிய விபத்தைவிட அடிக்கடி வரும் சிறு விபத்துகள் அதில் கூடுதலாக உறுத்தும். பெரிய தொகையில் ஒரு வரம்புக்கு மேற்பட்ட பகுதியின் எடையைக் குறைத்துத்தான் கணக்கில் எடுப்பார்கள். சம்பள இழப்பில்லாமல் மருத்துவச் செலவோடு முடிந்த கிளெய்ம் என்றால், அங்கே பல மாநிலங்களில் அதன் தொகையில் 30 சதவீதம் மட்டுமே கணக்கில் ஏறும். அடிபட்டவர் வீட்டில் உட்காராமல், மருத்துவர் அனுமதிக்கும் ஓர் இலகுவான வேலைக்குத் திரும்புவது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலேயே தெரியும். தோள் வலிக்காரருக்குத் தரப் பரிசோதனை மேசையில் வேலை கொடுக்கலாம். ஆனால் அது உண்மையான வேலையாக இருக்க வேண்டும். மூலையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து அவமானப்படுத்தும் இடங்களும் இருக்கின்றன. அவர்கள் கொடுக்காமலே இருக்கலாம்.

இன்னொன்று, ஒதுக்கீட்டுத் தொகை. கிளெய்ம் முடியாமல் இருக்கும்வரை, இனி ஆகக்கூடும் என்று காப்பீட்டு நிறுவனம் மதிப்பிட்டு ஒதுக்கிய பணமும் நம் வரலாற்றில் செலவாகவே நிற்கும். ஆள் குணமாகி வேலைக்கு வந்த பிறகும் பழைய மதிப்பீடு அப்படியே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால்தான் குறைப்பார்கள். பிரீமியம் கணக்கிடும் தேதிக்கு முன்பே கேட்க வேண்டும்.

வாசலில் "விபத்தில்லாத நாட்கள்" பலகை வைத்துப் பரிசு கொடுப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அந்தப் பலகை பிடிக்காது. பரிசு போய்விடுமே என்று கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்ப்பவரின் வெட்டுக்காயம், சீழ் பிடித்த பிறகே என்னிடம் வருகிறது.

மோசடி பற்றி நீங்கள் எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதே பக்கத்தில் ஒரு நாள், காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் கிளெய்ம் அறிக்கையை ஒரு சிறு முதலாளி எப்படி வரி வரியாகப் படிப்பது என்றும் எழுதுங்கள். எங்கள் சூப்பர்வைசர்களுக்கும் ஒரு பிரதி எடுத்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு பணியாளர் நல அலுவலர்